புனேயில் ஒரு நாள் பிசகு

புனேயிலிருந்து பாளையங்கோட்டைக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. அங்கே என்ன பார்த்தாய் என்று கல்லூரியில் எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு கோட்டை வாசல், ஒரு மிசல் கடை, பூட்டிக் கிடந்த ஒரு பைண்டிங் கடை என்று சொன்னால் சிரிக்கிறார்கள். தப்பித்து வந்தேன் என்பதுதான் சரியான பதில். அதைச் சொல்ல ஸ்டாஃப் ரூமில் கிடைக்கிற பத்து நிமிடம் போதாது.

நான் வரலாற்றுப் பேராசிரியை. இருபத்திரண்டு வருடமாக ஐரோப்பிய வரலாறு நடத்துகிறேன். பிரஷ்யாவின் ஃபிரெடரிக்கும் ஆஸ்திரியாவின் மரியா தெரேசாவும் சைலீசியா என்ற மாகாணத்துக்காக முட்டிக்கொண்டதில் தொடங்கி, பிஸ்மார்க் ஜெர்மனியை ஒட்டவைத்தது வரை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தத் திமிர்தான் இந்தப் பயணத்தில் என்னைக் கவிழ்க்கப் பார்த்தது.

புனேயில் ஒரு பல்கலைக்கழகம் எனக்கு ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டை மதிப்பீட்டுக்கு அனுப்பியிருந்தது. எழுதியவர் சண்முகசுந்தரம். அவிநாசிப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். புனேக்கு வெளியே சாகணில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகர். பகுதி நேரமாக எட்டு வருடம் ஆராய்ச்சி செய்து, ‘ஜெயித்தவர்கள் எங்கே நிறுத்திக்கொண்டார்கள்’ என்பதைப் பற்றி எழுதியிருந்தார். நெப்போலியனைத் தோற்கடித்த பிறகு 1815இல் வல்லரசுகள் பிரான்ஸைக் கூறு போடாமல் விட்டது ஒரு பாதி. 1866இல் ஆஸ்திரியாவை அடித்து வீழ்த்திய பிஸ்மார்க், வியன்னாவுக்குள் படையை நுழைய விடாமல் தடுத்தது மறுபாதி.

நல்ல ஆய்வுதான். ஆனால் தேதிகளில் கோளாறு இருப்பதாக எனக்குப் பட்டது. அந்தக் காலத்தில் ரஷ்யர்கள் பழைய நாட்காட்டியை வைத்திருந்தார்கள். மற்ற ஐரோப்பா அவர்களைவிடச் சில நாட்கள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. ரஷ்யப் புரட்சி நடத்துகிற எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார்: அவர்களுக்கு அக்டோபர் 25, மற்றவர்களுக்கு நவம்பர் 7. பதின்மூன்று நாள் வித்தியாசம். இந்த மனிதர் ஆய்வேடு முழுக்கப் பன்னிரண்டு நாள் கூட்டியிருந்தார்.

ஒரு நாள்தானே என்று விட முடியாது. அவருடைய நான்காம் அத்தியாயம் அந்த ஒரு நாளின் மேல்தான் நின்றது. பிரான்ஸை மன்னிக்கலாம் என்று ரஷ்யத் தரப்பில் எழுதிய குறிப்பு ஒன்று, பிரிட்டிஷ் தரப்பின் கடிதம் வந்து சேர்வதற்கு முந்தின நாளே எழுதப்பட்டது, ஆகவே ரஷ்யா தன் சொந்த புத்தியால்தான் விட்டுக்கொடுத்தது என்பது அவர் வாதம். பன்னிரண்டுக்குப் பதில் பதின்மூன்று கூட்டினால், கடிதம் வந்த அன்றைக்கே குறிப்பும் எழுதப்பட்டதாகிவிடும். வாதம் விழுந்துவிடும்.

என் அறிக்கையில் ஒரு பத்தி முழுக்க நக்கலடித்திருந்தேன். பள்ளி மாணவருக்கே தெரிந்த விஷயம் ஆய்வாளருக்குத் தெரியவில்லை என்று எழுதினேன். எல்லாத் தேதிகளையும் திருத்தி, திருத்திய பிரதியை வாய்மொழித் தேர்வின்போது காட்ட வேண்டும் என்றும் சொல்லியிருந்தேன். அந்தத் தேர்வை நடத்தத்தான் என்னைப் புனேக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மூன்று நாள் பயணம்.

முதல் நாள் விமான நிலையத்தில் இறங்கியதுமே சண்முகசுந்தரம் கையில் ரோஜாக்கொத்தோடு நின்றார். பக்கத்தில் அவர் மனைவி கோமதி, ஒரு பெரிய டிபன் கேரியரோடு. நம் நாட்டு ஆராய்ச்சி உலகத்தில் இது எழுதாத சட்டம். பட்டத்துக்கு நிற்கிறவரே தேர்வாளருக்கு வண்டி, சாப்பாடு, சால்வை எல்லாம் ஏற்பாடு செய்வார். தேர்வாளரும் கூச்சமில்லாமல் ஏற்றுக்கொள்வார்.

“வணக்கமுங்க மேடம். வண்டி சொல்லியிருக்கறனுங்க. ரூம்ல விட்டுட்டு வந்தர்றனுங்க” என்றார் சண்முகசுந்தரம்.

“வேண்டாம் சார், நானே போய்க்கிடுதேன். தேர்வு முடியுற வரைக்கும் உங்க வீட்டுத் தண்ணி கூட எனக்கு வேண்டாம், தப்பா நெனைக்காதீங்க.”

“ரெண்டு இட்லியாச்சும்ங்க மேடம்” என்று கோமதி கேரியரை நீட்டினார்.

“இட்லியும் வேண்டாம்மா.”

கொள்கையோடு ஓர் ஆட்டோவில் ஏறினேன். பல்கலைக்கழக விருந்தினர் விடுதி என்றேன். ஓட்டுநர் தலையாட்டினார். முக்கால் மணி நேரம் மேம்பாலங்களிலும் மேம்பாலம் கட்டுகிற பள்ளங்களிலும் ஏறி இறங்கி ஒரு விடுதியில் விட்டார். அது வேறொரு பல்கலைக்கழகத்தின் விடுதி. புனேயில் பல்கலைக்கழகத்துக்குப் பஞ்சமே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆட்டோவும் போய்விட்டது.

பெட்டியை இழுத்துக்கொண்டு தெருவில் வழி கேட்கப் போனேன். முதல் கடை வாசலில் ஒரு பலகை தொங்கியது. மராத்தி எழுத்தை இந்தி தெரிந்த அளவுக்குக் கூட்டிப் படித்தேன். ‘இங்கே விலாசம் சொல்லப்பட மாட்டாது. நாங்கள் கடை நடத்துகிறோம்.’ அடுத்த கடை மூடியிருந்தது. ஒன்று முதல் நான்கு வரை ஓய்வு, மணி அடித்துத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அதன் பலகை சொன்னது. அதற்கடுத்த கடையும் அப்படியே. எங்கள் ஊரில் வழி கேட்டால் நாலு பேர் கூடி நாலு வழி சொல்வார்கள், ஒன்றாவது சரியாக இருக்கும். இங்கே தெருவே சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. பசியில் அந்த இட்லியை நினைத்தேன். இந்த ஊர்க்காரர்களின் மதியத் தூக்கத்தை மனதாரத் திட்டினேன். விடுதியைக் கண்டுபிடித்துச் சேர்ந்தபோது நாலரை மணி.

இரண்டாம் நாள் எனக்கு வேலை ஒன்றுமில்லை. காலையில் சனிவார் வாடாவைப் பார்க்கப் போனேன். பேஷ்வாக்கள் அரசாண்ட கோட்டை அரண்மனை. வாசல் கதவு மட்டும் யானை முட்டினாலும் அசையாதபடி இரும்பு முட்களோடு கம்பீரமாக நிற்கிறது. உள்ளே போனால் அரண்மனை இல்லை. எரிந்துபோனதன் அடித்தளக் கற்களும் புல்வெளியும்தான். புல்லில் உட்கார்ந்து ஒரு குடும்பம் கடலை தின்றுகொண்டிருந்தது.

ஒரு கல்லில் உட்கார்ந்தேன். 1815இல் பிரிட்டன் ஐரோப்பாவில் பெரிய மனிதத்தனம் காட்டியது. தோற்ற பிரான்ஸை அதன் ராஜாவோடு விட்டுவைத்தது. அழித்துவிட்டால் நாளைக்கு நமக்கே வினை என்று அதன் மந்திரிகளுக்குப் புரிந்திருந்தது. இரண்டே வருடத்தில் அதே பிரிட்டனின் கம்பெனிப் படை இந்த ஊரில் கடைசி பேஷ்வாவைத் தோற்கடித்து, இந்த வாசலில் தன் கொடியை ஏற்றியது. இங்கே அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. நிறுத்தச் சொல்ல இங்கே சமமான இன்னொரு வல்லரசு இல்லை. சண்முகசுந்தரத்தின் ஆய்வேட்டில் இது இல்லையே, நாளைக்குக் கேள்வியாகக் கேட்டு மடக்கலாம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அப்போது அப்படிப்பட்ட புத்தியில்தான் இருந்தேன்.

பக்கத்துச் சந்தில் ஒரு மிசல் கடை. முளைகட்டிய பயறு, அதன் மேல் மிக்சர், வெங்காயம், எல்லாம் மூழ்கும்படி சிவப்புக் குழம்பு, தொட்டுக்கொள்ள பாவ் ரொட்டி. குழம்பு தீர்ந்தால் மறுபடி ஊற்றுகிறார்கள், அதற்கு ‘சாம்பிள்’ என்று பெயர். எங்கள் ஊர்க் காரம் நாக்கில் நிற்கும், இது காதுக்குப் போனது. கண்ணில் தண்ணீரோடு சுவரைப் பார்த்தேன். மராத்தி நாட்காட்டி ஒன்று தொங்கியது. சைத்ர மாதம் பிறந்து சில நாள் ஆகியிருந்தது. எங்களுக்குச் சித்திரை இன்னும் பிறக்கவில்லை.

கல்லாவில் இருந்த அம்மாளிடம் என் அரைகுறை இந்தியில் கேட்டேன். “உங்கள் வருடப் பிறப்பு முடிந்துவிட்டதா? எங்களுக்கு இன்னும் வரவில்லை. எத்தனை நாள் வித்தியாசம்?”

“அது எப்படி அக்கா ஒரே கணக்காக இருக்கும்? வருடா வருடம் மாறும்” என்றார். “இரண்டு பேர் இரண்டு விதமாக நாளை எண்ணினால் இடைவெளி மாறாமல் இருக்குமா? எடுத்துக்கொள்ளுங்கள், சாம்பிள் ஆறுகிறது.”

ரொட்டியைப் பிய்த்த கை அப்படியே நின்றது. இடைவெளி மாறும். ஆமாம், மாறும்தானே! பழைய நாட்காட்டியில் நான்கு வருடத்துக்கு ஒரு தடவை, தவறாமல், பிப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள். புதியதில் நூற்றாண்டு திரும்பும் வருடங்களில் பெரும்பாலும் அந்த நாள் கிடையாது. 1900இல் ரஷ்யர்களுக்குப் பிப்ரவரி 29 உண்டு, மற்றவர்களுக்கு இல்லை. அங்கே ஒரு நாள் கூடியிருக்கிறது. அப்படியானால் பதின்மூன்று என்பது 1900க்குப் பிறகு வந்த கணக்கு. புரட்சி நடந்தது 1917இல். நெப்போலியன் தோற்றது 1815இல்.

காகிதக் கைக்குட்டையில் போட்டுப் பார்த்தேன். போன நூற்றாண்டுக்குப் பதின்மூன்று. அதற்கு முந்தியதற்குப் பன்னிரண்டு. ஃபிரெடரிக் காலத்துக்குப் பதினொன்று. இதெல்லாம் நான் எம்.ஏ. படிக்கும்போது படித்ததுதான். இருபத்திரண்டு வருடம் ஒரே புரட்சியை நடத்தி நடத்தி, பதின்மூன்று என்பது எல்லாக் காலத்துக்கும் பொதுவென்று மனதில் உறைந்துவிட்டிருந்தது.

பையில் ஆய்வேடு இருந்தது. பின்னிணைப்பைத் திறந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அதை அன்றைக்குத்தான் முதல் தடவை திறந்தேன். முதல் பக்கத்திலேயே சின்ன அட்டவணை: பதினெட்டாம் நூற்றாண்டுக்குப் பதினொன்று, பத்தொன்பதுக்குப் பன்னிரண்டு. கீழே உதாரணமாக, 1815இல் பாரிஸில் மூன்று மன்னர்கள் கையெழுத்திட்ட புனிதக் கூட்டணி ஒப்பந்தத்தின் தேதி: செப்டம்பர் 14/26. இரண்டு தேதியும் போட்டே கையெழுத்தாகியிருக்கிறது. இருபத்தாறில் பதினாலு போனால் பன்னிரண்டு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு.

முகம் எரிந்தது. அது மிசலின் காரமல்ல. ஆனால் வெட்கத்தைவிடப் பெரிய பயம் ஒன்று உடனே வந்தது. எல்லாத் தேதிகளையும் திருத்தச் சொல்லி எழுதியிருந்தேனே, அந்த மனிதர் திருத்தியிருப்பாரோ? சரியாக இருந்ததை என் பேச்சைக் கேட்டுத் தப்பாக்கியிருப்பாரோ?

அவருக்குப் போன் செய்தேன், அணைத்திருந்தது. விமான நிலையத்தில் கோமதி வம்படியாகக் கொடுத்திருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன்.

“அவுரு ஷிப்ட்ல இருக்காருங்க மேடம். உள்ள போன் வெச்சுக்கக் கூடாதுங்க. ரெண்டரைக்குத்தான் வெளிய வருவாருங்க” என்றார்.

“தேதியெல்லாம் திருத்திட்டாராம்மா?”

“திருத்திட்டாருங்க. நேத்து சாயங்காலமே ஆகுர்டில பைண்டிங்குக்குக் குடுத்தாச்சுங்க. தங்க எழுத்து அட்டைங்க, அது வர்றதுக்கே ரெண்டு நாள் ஆச்சு. இன்னைக்கு ஆறு மணிக்கு வாங்கிக்கறதுங்க. ஏனுங்க மேடம், எதாச்சும் தப்பாயிருச்சுங்களா?”

அந்த அட்டைகள் தப்பான பிரதிகளின் மேல் ஒட்டப்பட்டுவிட்டால் வேறு அட்டைக்கு நேரமில்லை. மறுநாள் பதினோரு மணிக்குத் தேர்வு. அதற்கு முன் கட்டிய பிரதி அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த மாதத்தோடு அவருடைய கடைசிக் கெடுவும் முடிந்துவிடும் என்று கோப்பில் பார்த்த ஞாபகம் வந்தது.

“வீட்ல பழைய பிரதி இருக்காம்மா? திருத்தாதது?”

“இருக்குதுங்க, அட்டையில்லாம.”

“அத எடுத்துக்கிட்டு பைண்டிங் கடைக்குப் போயிருங்க. நான் போய் அவரக் கூட்டிட்டு வாரேன். பைண்டிங் கடைக்காரருக்குப் போன் பண்ணிச் சொல்லிருங்க, ஒட்ட வேண்டாம்னு.”

“அவுரு போனே எடுக்க மாட்டாருங்க மேடம். கடைக்குள்ள அதுக்கு ஒரு போர்டே வெச்சிருக்காரு.”

சாகணுக்கு ஆட்டோ பிடித்தேன். அந்தச் சாலையைப் பற்றி ஒரு வார்த்தை. கார் செய்கிற ஊருக்குப் போகிற சாலையில் கார்கள் நகர்வதில்லை. புதுக் கார்களை ஏற்றிய நீள நீளமான லாரிகள் வரிசையாக நிற்க, நடுவில் நாங்கள் வெந்துகொண்டிருந்தோம். ஓட்டுநர் என் பதற்றத்தைப் பார்த்து யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். ஒரு ஆய்வேட்டுக்கு என்று சொல்ல எனக்கு இந்தி போதவில்லை. ஒரு உறவினருக்கு என்றேன். அதற்குப் பிறகு அவர் நடைபாதையிலும் ஓட்டினார்.

தொழிற்சாலை வாசலில் இறங்கும்போது மணி இரண்டே முக்கால். ஊழியர் பேருந்து ஒன்று அப்போதுதான் வெளியே திரும்பிக்கொண்டிருந்தது. புழுதியில் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். பேருந்து என்னைத் தாண்டிப் போய் நின்றது. சண்முகசுந்தரம் இறங்கி ஓடி வந்தார். நீலச் சீருடை, நெற்றியில் தொப்பித் தடம்.

“மேடம்! நீங்க எங்கீங்க இங்க?”

“சார், பன்னெண்டுதான் சரி. நான் எழுதுனது தப்பு.”

அவர் அதிர்ச்சியடையவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். என்னமோ அவரே மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது முகம்.

“உங்களுக்குத் தெரியும்லா?”

“தெரியுமுங்க.”

“பொறவு என்னத்துக்கு சார் மாத்துனீங்க?”

“நீங்க தேர்வாளருங்க மேடம். எதுத்துப் பேசுனா வேலைக்காகாது, பட்டத்த வாங்கிட்டு அப்பறம் மாத்திக்கலாம்னு கைடு சொல்லிட்டாங்க. எட்டு வருஷமுங்க. இனி நீட்டிக்கவும் மாட்டாங்க.” நெற்றிப் புழுதியைத் துடைத்தார். “நாலாவது அத்தியாயத்த மொத்தமா எடுத்துட்டனுங்க. பதிமூணு போட்டா அது நிக்காதுங்களே.”

அந்த அத்தியாயம்தான் அந்த ஆய்வின் உயிர்.

“ஃபேக்டரில நூறுல ஒரு பங்கு மில்லிமீட்டர் தப்புன்னாலும் பெட்டியோட திருப்பி அனுப்பறவனுங்க நானு” என்றார். “தப்புன்னு தெரிஞ்சே நூத்துச் சொச்ச எடத்துல ஒண்ணு ஒண்ணா மாத்துனனுங்க. கை கூசுச்சுங்க மேடம்.”

அதே ஆட்டோவில் ஆகுர்டிக்குத் திரும்பினோம். உறவினர் நடமாடுவதைப் பார்த்து ஓட்டுநருக்குச் சந்தோஷம்.

பைண்டிங் கடைக்கு நாங்கள் சேர்ந்தபோது நாலாக ஐந்து நிமிடம். கதவு அடைத்திருந்தது. கோமதி அட்டையில்லாத பழைய பிரதிகள் அடங்கிய பையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். கதவில் பலகை: ‘ஒன்று முதல் நான்கு வரை கடை மூடியிருக்கும். தட்டினால் நேரம் வேகமாகப் போகாது.’

“மூணு நாளா இவுருக்குச் சோறு எறங்கலைங்க மேடம்” என்றார் கோமதி. “நாந்தான் பதிமூணையே போட்டுக் குடுத்துருங்கன்னு கத்துனேன். ரிசர்ச்சும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், மனுசன் நல்லா இருந்தாப் போதும்னு.” பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றி நீட்டினார். வாங்கிக் குடித்தேன். கொள்கை நேற்றோடு போயிற்று.

காலையில் ஒட்டியிருந்தால் எல்லாம் முடிந்தது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சண்முகசுந்தரம்தான் பேச்சை மாற்றினார்.

“நாளைக்கு ஒண்ணு பண்ணலாமுங்க மேடம். உங்க அறிக்கைல வந்தது டைப்பிங் மிஸ்டேக்குன்னு சொல்லிக்கலாமுங்க. பன்னெண்டு பதிமூணுன்னு விழுந்துருச்சுன்னு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நான் அப்படித்தான் புரிஞ்சுக்கிட்டேன்னு சொல்லிர்றனுங்க.”

நான் அவரையே பார்த்தேன். 1866இல் ஆஸ்திரியா தோற்றபோது, பிரஷ்ய ராஜாவும் தளபதிகளும் வியன்னாவுக்குள் ஊர்வலம் போகத் துடித்தார்கள். ஒரு அங்குல நிலமும் கேட்காதீர்கள், அவமானப்படுத்தாதீர்கள், நாளைக்கு இவர்கள் நமக்கு வேண்டும் என்று பிஸ்மார்க் ஒற்றை ஆளாக மல்லுக்கட்டினார். ராஜா மசியாததால் அடுத்த அறைக்குப் போய் அழுதாராம். ஐந்து வருடத்தில் பிரான்ஸிடம் அதே மனிதருக்கு அந்த நிதானம் இல்லை. இரண்டு மாகாணங்களைப் பிடுங்கிக்கொண்டார், அவர்கள் அரண்மனையிலேயே தன் ராஜாவைச் சக்கரவர்த்தியாக்கினார், அந்தக் கோபம் ஐரோப்பாவை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம். அதையெல்லாம் எழுதிய மனிதர் இதோ ஜெயித்துவிட்டு என் ஊர் வாசலில் நின்றுவிட்டார். உள்ளே வர மாட்டேன் என்கிறார்.

எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. டைப்பிங் பிழை. எவ்வளவு சுத்தமான வார்த்தை. இருபத்திரண்டு வருடப் பெயர் அப்படியே இருக்கும்.

“ஒரு பத்தி முழுக்க நக்கல் எழுதியிருக்கேன் சார். அது எப்படி டைப்பிங் மிஸ்டேக் ஆகும்?” என்றேன். அவர் கதவுப் பலகையை இன்னொரு தடவை படித்தார்.

சரியாக நாலு மணிக்கு உள்ளேயிருந்து தாழ்ப்பாள் திறந்தது. வெள்ளை பனியனில் கண்ணைக் கசக்கிக்கொண்டு கடைக்காரர் நின்றார். நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“ஆறு மணிக்குத் தருகிறேன் என்றேன். இப்போது மணி நாலு” என்றார் இந்தியில். “ஆறு மணி வேலையை நான் நாலு மணிக்குத்தான் தொடங்குவேன். காலையில் வேறு ஒருவருடைய வேலை இருந்தது. உங்களுடையதை இன்னும் தொடவே இல்லை. என்ன அவசரம்?”

அவர் காலில் விழுந்துவிடலாமா என்று தோன்றியது. கோமதி சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை, இரண்டும் சேர்ந்து வந்தது. முந்தின நாள் நான் திட்டிய மதியத் தூக்கத்திடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். கடைக்காரர் திருத்திய பிரதிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கினார். வாடிக்கையாளர்களுக்கு என்ன வேண்டும் என்றே தெரிவதில்லை என்று மராத்தியில் முணுமுணுத்தார். அதைச் சண்முகசுந்தரம் எனக்கு மொழிபெயர்த்தார்.

மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு ஒரு நீண்ட அறையில் தேர்வு. தலைவர், சண்முகசுந்தரத்தின் வழிகாட்டிப் பேராசிரியை, நான், எதிரே பத்துப் பதினைந்து ஆராய்ச்சி மாணவர்கள். கடைசி வரிசையில் பட்டுச் சேலையில் கோமதி. அலுவலகத்திலிருந்து வந்த கட்டிய பிரதி என் முன்னால் இருந்தது. வழிகாட்டி அதைப் புரட்டிவிட்டு முகம் வெளுத்துப்போனார். திருத்தம் ஒன்றும் செய்யவில்லையே என்று சண்முகசுந்தரத்தை முறைத்தார்.

தலைவர் என்னைத் தொடங்கச் சொன்னார். ராத்திரி நாலு விதமாக வாக்கியம் அமைத்து வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை.

“என் அறிக்கையில் நாட்காட்டி பற்றி ஒரு பத்தி இருக்கிறது” என்றேன் ஆங்கிலத்தில். “அது தப்பு. ஆய்வாளர் எழுதியதுதான் சரி. பின்னிணைப்பைப் படிக்காமல் எழுதினேன். அந்தப் பத்தியை நான் திரும்பப் பெறுவதாகக் குறித்துக்கொள்ளுங்கள்.”

மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தேர்வாளர் தன் மேல்தான் தப்பென்று சொல்லி அவர்கள் கேட்டதில்லை போலிருக்கிறது. தலைவர் இருமினார். வழிகாட்டி மெதுவாக நாற்காலியில் சாய்ந்தார். முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு அப்போதுதான் ஒழுங்காக மூச்சு விட்டேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டேன். பேஷ்வா கேள்வியையும் கேட்டேன், மடக்க அல்ல. சமமான எதிரி இல்லாத இடத்தில் ஜெயித்தவரை நிறுத்துவது எது என்று கேட்டேன். சண்முகசுந்தரம் வெகுநேரம் யோசித்து, “தெரியவில்லை மேடம், என் ஆய்வில் அதற்குப் பதில் இல்லை” என்றார். அன்று கேட்ட பதில்களிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். பட்டம் வழங்கலாம் என்று தலைவர் அறிவித்தபோது கோமதி கைதட்டினார். தட்டலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியாமல் எல்லோரும் தட்டினார்கள்.

படிவங்கள் வந்தன. மூன்று இடத்தில் என் கையெழுத்து வேண்டும். தலைவரும் வழிகாட்டியும் வெளியே போய்விட்டார்கள். சண்முகசுந்தரம் பேனாவை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

“நேத்து நீங்க வர்லைன்னா, அந்தக் காப்பியத்தான் இன்னைக்குக் குடுத்திருப்பனுங்க மேடம்” என்றார் தணிந்த குரலில். “நீங்களும் பாஸ் போட்டுட்டுப் போயிருப்பீங்க.”

போயிருப்பேன். பெருமையாகப் போயிருப்பேன். தப்பான தேதிகளோடு, உயிரில்லாத ஒரு புத்தகம், என் கையெழுத்தோடு பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்திருக்கும்.

மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் கீழே தேதிக்கு ஒரு கட்டம் இருந்தது. பேனா அங்கே நின்றுவிட்டது.

“சார், இன்னைக்கு என்ன தேதி?” என்றேன்.

அவர் சொன்னார். சரிபார்க்காமல் எழுதினேன்.